தாங்கும் ரகத் தக்காளியிலும் வேர்முடிச்சு: இது எந்த நூற்புழு?

வெருலம் தோட்டம் | வெருலம், குவாசூலு-நட்டால், தென்னாப்பிரிக்கா

வணக்கம். பழைய கரும்பு நிலத்தில் மூன்று ஹெக்டேரில் தக்காளி, கத்திரி, மிளகாய் போடுகிறேன். என் பாட்டனார் கரும்பு வெட்டிய அதே மண். சாம்பல் நிற மணல். அள்ளினால் விரலிடுக்கில் வழிந்துவிடும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கத்திரி வேரெல்லாம் முடிச்சு விழுந்தது. வேரையும் மண்ணையும் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். "மெலாய்டோகைன் இன்காக்னிட்டா" என்று ஒரே வரியில் அறிக்கை வந்தது. வேரில் முடிச்சு உண்டாக்கும் நுண்ணிய நூற்புழுக்களில் அது ஓர் இனம். அதை நம்பி, வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்கும் தக்காளி ரகத்தைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கி நட்டேன். எட்டாவது வாரம் நடுப்பகலில் செடிகள் தலை தொங்கின. தண்ணீர் குறையவில்லை. பிடுங்கிப் பார்த்தால் வேர் இஞ்சிக் கிழங்கைப் போலப் பருத்துக் கிடக்கிறது. சாதாரண ரகத்தில்கூட இவ்வளவு பெரிய முடிச்சை நான் கண்டதில்லை.

விதை பொய்யா, அறிக்கை பொய்யா? அடுத்த போகத்துக்கு நாற்றுக்குச் சொல்லிவைக்க மூன்று வாரம்தான் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மணல்மேட்டார் | மவுண்ட் எட்ஜ்கோம்ப்

தம்பி, விதைக்காரரைக் குற்றம் சொல்லும் முன் எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும்.

பாத்திக்குக் கறுப்பு பிளாஸ்டிக் விரித்திருக்கிறீர்களா? தக்காளியில் வேர்முடிச்சைத் தாங்க வைப்பது மி-1 என்ற ஒரே ஒரு மரபணு. 1940-களில் காட்டுத் தக்காளி இனம் ஒன்றிலிருந்து கலப்பின் மூலம் கொண்டுவந்தார்கள். அந்தக் கலப்பில் உண்டான கரு விதைக்குள் தானாகப் பிழைக்கவில்லை. அதை எடுத்து வளர்ப்பு ஊடகத்தில் வைத்துத்தான் காப்பாற்றினார்கள். இன்றைய தாங்கும் ரகங்கள் அனைத்தும் அந்த ஒற்றைக் காவல்காரனை நம்பி நிற்பவைதான். மண்ணின் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் அவன் தளர்ந்துவிடுவான். நம் கடற்கரை ஓரத்தில் ஜனவரி வெயிலில், கறுப்புத் தாளுக்கு அடியில், 28 டிகிரி பெரிய விஷயமே அல்ல. ஆகவே விதையும் மெய்யாக இருக்கலாம், அறிக்கையும் மெய்யாக இருக்கலாம்.

அடுத்தது, அந்த ஆய்வகம் எத்தனை பெண் புழுக்களைப் பார்த்து அந்த ஒரு வரியை எழுதியது? கரும்பு ஆராய்ச்சிக் கூடத்தில் முப்பது ஆண்டு நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தவன் நான். ஒரு புழுவைப் பார்த்து ஒரு வயலுக்குப் பெயர் வைக்க என் கை துணிந்ததே இல்லை. குறைந்தது பத்துப் பெண் புழு வேண்டும். அவை வெவ்வேறு செடிகளிலிருந்து வந்திருக்க வேண்டும்.


வெருலம் தோட்டம்

ஐயா, கறுப்புத் தாள் விரித்திருக்கிறேன். இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு வெப்பமானியை 10 சென்டிமீட்டர் ஆழத்தில் செருகினேன்: 30 டிகிரி. காலை ஆறு மணிக்கு 24. அறிக்கையில் எத்தனை புழு என்று எதுவும் இல்லை. படமும் இல்லை.


பொட்ச் ஆய்வாளர் | பொட்செஃப்ஸ்ட்ரூம்

அண்ணா, நான் நூற்புழுவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சொந்த ஊர் டொங்காட். உங்கள் மணலை எனக்கு நன்றாகத் தெரியும்.

மணல்மேட்டார் ஐயா சொன்ன வெப்பக் காரணத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் "இஞ்சிக் கிழங்கைப் போல" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு வேறொரு பெயர் மனதில் வந்தது: மெலாய்டோகைன் என்டெரோலோபியை.

இதன் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1983-இல் சீனாவின் ஹைனான் தீவில், யானைக்காது மரம் என்று அங்கே சொல்லப்படும் ஒரு மரத்தின் வேரிலிருந்து இந்த இனத்தை விவரித்தார்கள். 1988-இல் போர்ட்டோ ரிக்கோவில் கத்திரி வேரில் கிடைத்த ஒன்றுக்கு மெலாய்டோகைன் மயாகுவென்சிஸ் என்று வேறொரு பெயர் வைத்தார்கள். இரண்டும் ஒன்றே என்பது நொதிகளையும் டி.என்.ஏ.யையும் ஒப்பிட்ட பிறகுதான் உறுதியானது. நம் நாட்டில் 1990-களில் ம்புமலங்காவில் கொய்யாத் தோட்டங்களில் பதிவானபோதும் இந்த இரண்டாவது பெயரில்தான் பதிவானது. 2013-இல் தென்னாப்பிரிக்க உருளைக்கிழங்கிலும் இருப்பதாக ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. ஆகவே இது எங்கிருந்தோ வரப்போகும் பூச்சாண்டி அல்ல, நாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

உங்களுக்கு முக்கியமானது இதுதான்: மி-1 மரபணு இன்காக்னிட்டா, ஜவானிகா, அரெனாரியா ஆகிய மூன்று வேர்முடிச்சு இனங்களையும் தடுக்கும். என்டெரோலோபியையைத் தடுக்காது. மண் குளிர்ந்திருந்தாலும் தடுக்காது. இன்னொரு தொல்லையும் உண்டு: பெண் புழுவின் பின்புறத் தோலில் ஓடும் ரேகையை மட்டும் பார்த்தால் இது பல சமயம் இன்காக்னிட்டா மாதிரியே தெரியும். அந்த ஆய்வகத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் உலகெங்கும் பல ஆண்டுகள் இந்தத் தவறு இப்படித்தான் நடந்தது.


கொய்யாக்காரன் | திண்டுக்கல், தமிழ்நாடு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தமிழ்நாட்டுக் கொய்யாவிலும் 2016-இல் இதே என்டெரோலோபியை பதிவானது. என் தோட்டத்தில் ஆறு வயது மரங்கள் இலை வெளுத்து, நுனியிலிருந்து காய்ந்து வந்தன. முதலில் சத்துக் குறைவு என்றோம், பிறகு வாடல் நோய் என்றோம். வேரைத் தோண்டியவர் யாரும் இல்லை. வெருலம் அண்ணா, உங்கள் வீட்டில் கொய்யா மரம் இருக்கிறதா? இருந்தால் அதன் வேரையும் பாருங்கள்.


மணல்மேட்டார்

பொட்ச் அம்மா, நீங்கள் சொல்வது சாத்தியம். ஆனால் டி.என்.ஏ. சோதனையின் ஜெல்லில் ஒரு பட்டை தெரிந்தது என்பதற்காக, புழுவின் முகத்தையே பார்க்காமல் பெயர் சொல்லும் பழக்கம் எனக்கு ஒப்பவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

1949 வரை உலகத்து வேர்முடிச்சு நூற்புழுக்களெல்லாம் ஹெட்டரோடீரா மரியோனி என்ற ஒரே பெயருக்குள் கிடந்தன. ஓர் ஊரில் பருத்தியைத் தாக்கும் புழு அடுத்த ஊரில் பருத்தியைத் தொடாது. எவருக்கும் காரணம் புரியவில்லை. அந்த ஆண்டு சிட்வுட் என்ற அமெரிக்க அறிஞர்தான் பெண் புழுவின் பின்புறத்தில், பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றித் தோலில் ஓடும் வரிகளைக் கைரேகையைப் போல வாசித்து, இவை பல இனங்கள் என்று பிரித்துக் காட்டினார். இன்காக்னிட்டாவுக்கு மேல் வளைவு உயரமாக, சதுரத் தோள் வைத்தது போல எழும். ஜவானிகாவுக்கு இரண்டு பக்கமும் தெளிவான கோடு ஓடி, மேல் வரிகளையும் கீழ் வரிகளையும் வெட்டிப் பிரிக்கும். ஒருமுறை கண்டவன் மறக்க மாட்டான். அரெனாரியாவில் வளைவு தாழ்ந்து தோள் இறங்கியிருக்கும். ஹாப்லா என்ற இன்னோர் இனத்தில் வால் நுனிப் பக்கம் ஊசியால் குத்தியது போலப் புள்ளிகள்.

இந்த ரேகையை எடுப்பது ஒரு கைத்தொழில். முடிச்சை ஊசியால் மெல்லப் பிரித்தால் பேரிக்காய் வடிவத்தில் முத்தைப் போல வெள்ளையாகப் பெண் புழு வெளிவரும். கடுகில் பாதி அளவுகூட இருக்காது. அதை 45 சதவீத லாக்டிக் அமிலச் சொட்டில் வைத்துப் பின்பகுதியை மட்டும் நறுக்க வேண்டும். பிறகு உள்ளிருக்கும் சதையை ஒற்றை மயிர் கட்டிய குச்சியால் துடைத்து, தோல் கிழியாமல் சதுரமாகச் சீவி, கிளிசரினில் மல்லாத்த வேண்டும். ஆரம்பத்தில் ஒரு நாளுக்கு நான்கு எடுத்தேன். பத்தாவது ஆண்டில் முப்பது. இப்படி எடுக்கும்போது ஒரே வேரில் இரண்டு விதமான ரேகை தட்டுப்பட்ட நாட்கள் எத்தனையோ. கலப்பு இருக்கிறது என்று முதலில் சொல்வது கண்தான். டி.என்.ஏ. துண்டைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். என்ன சொல்லும்? கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்.


பொட்ச் ஆய்வாளர்

ஐயா, கடைசி வரியில் நீங்கள் சொன்னது முழு உண்மை. என் துறைக்காரர்களிடம் நானே அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இனத்துக்கென்று தனியாகச் செய்த பிரைமர், அதாவது அந்த இனத்தின் டி.என்.ஏ.யைத் தேடிப் பிடிக்கும் சிறு துண்டு, ஆம், இல்லை என்று மட்டுமே பேசும். ஜவானிகா பிரைமர் போட்டால் 670 கார இணை (டி.என்.ஏ. நீளத்தை அளக்கும் அலகு) நீளத்தில் ஒரு பட்டை வரும், இன்காக்னிட்டாவுக்கு 1200, அரெனாரியாவுக்கு 420. பட்டை வரவில்லை என்றால் "இது ஜவானிகா அல்ல" என்று பொருள் கொள்ளலாமா? டி.என்.ஏ. சிதைந்திருந்தாலும் பட்டை வராது. அப்படியே "அல்ல" என்று கொண்டாலும், வேறு எது என்பதற்குப் பதில் இல்லை.

பெரும்பாலோர் ஓடிப்போய்ச் செய்வது ரைபோசோம் மரபணுப் பகுதியை வாசிப்பது. மற்றப் பல நூற்புழுக்களுக்கு அது நல்ல அடையாளம். ஆனால் இன்காக்னிட்டா, ஜவானிகா, அரெனாரியா ஆகிய மூன்றுக்கும் அது ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. மூன்றும் ஆணின் துணையின்றி முட்டையிடுபவை. பழைய கலப்பினங்களின் வழிவந்தவை. ஒவ்வொரு மரபணுவும் அவற்றில் பல பிரதிகளாகக் கிடக்கிறது. வரிசையை ஜென்பேங்க் என்ற பொது மரபணுத் தரவுத்தளத்தில் போட்டுத் தேடினால் மூன்று பெயரும் கலந்து வரும். மேலாக வந்த பெயரை எடுத்து எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பதிவை இட்டவரே ரேகையைத் தவறாகப் படித்திருந்தால், அந்தத் தவறு பத்துக் கட்டுரைகளுக்குப் பரவும். ஆக, மரபணுவின் பெயரும் கடைசியில் எவரோ ஒருவர் நுண்ணோக்கியில் பார்த்த பார்வையில்தான் நிற்கிறது.

இந்தக் குழுவுக்கு, செல்லின் ஆற்றல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. அதைவிட நல்லது. அதில் இரண்டு மரபணுக்களுக்கு இடைப்பட்ட ஒரு பகுதி இருக்கிறது. அதன் நீளமே பேசும். என்டெரோலோபியைக்குச் சுமார் 700 கார இணை. ஹாப்லாவுக்கு 500-ஐ ஒட்டி. அரெனாரியாவுக்கு 1100. இன்காக்னிட்டா, ஜவானிகா இரண்டுக்கும் 1700-ஐ ஒட்டி வருவதால் அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க இன்னொரு படி வேண்டும்.

இடையில் ஒரு வழியும் இருக்கிறது; பழையது என்று பலர் விட்டுவிட்டார்கள், எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஒரே ஒரு பெண் புழுவை நசுக்கி எஸ்டரேஸ் நொதியை ஜெல்லில் ஓடவிடுவது. ஜவானிகா மூன்று பட்டை காட்டும். என்டெரோலோபியை இரண்டு பெரிய பட்டை. 1980-களில் உலகெங்கிலுமிருந்து சேர்த்த நூற்றுக்கணக்கான புழுத் தொகுதிகளில் இதைச் சோதித்து நிலைநிறுத்தினார்கள். முட்டையிடத் தொடங்கிய இளம் பெண் புழு உயிரோடு வேண்டும் என்பதுதான் கட்டுப்பாடு. மண்ணிலிருந்து வரும் குஞ்சுப் புழுவில் செய்ய இயலாது.


மோக்கா ஆந்தூரியம் | மோக்கா, மொரிஷியஸ்

படித்துக்கொண்டு வருகிறேன், நன்றாக இருக்கிறது. எங்களுக்குத் தொல்லை வேறு: வாழையையும் ஆந்தூரியத்தையும் குடையும் ராடோஃபோலஸ் சிமிலிஸ் என்ற நூற்புழு. 1893-இல் ஃபிஜியின் வாழை வேரிலிருந்து விவரிக்கப்பட்டது. 1984-இல் ஃபுளோரிடாவில் எலுமிச்சைக் குடும்பத்தைத் தாக்கும் வகையைத் தனி இனமாக்கி சிட்ரோஃபிலஸ் என்று பெயர் வைத்தார்கள். குரோமோசோம் எண்ணிக்கையும் வேறு என்றார்கள். 1990-களில் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, இல்லை, ஒரே இனம்தான் என்று திரும்பச் சேர்த்துவிட்டார்கள். பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு இன்றும் சிட்ரோஃபிலஸ் என்று பேசுபவர்களைப் பார்க்கிறேன். மரபணு என்றால் பிரிப்பது மட்டும் என்று நினைக்கிறோம், சேர்த்தும் வைக்கிறது.


மணல்மேட்டார்

மோக்காவில் இருப்பவர் சொன்னதற்கு நேர் எதிரான கதை நம் நாட்டிலேயே இருக்கிறது. அதை இங்கே பதிந்துவிட வேண்டும்.

1980-களில் நம் நிலக்கடலைக் காயில் ஒரு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. ஓட்டின் அடியில் கறுத்த நரம்பு ஓடும். பருப்பு சுருங்கிப் பழுப்பாகும். உருவத்தைப் பார்த்து டிட்டிலெங்கஸ் டெஸ்ட்ரக்டர் என்றார்கள். அது ஐரோப்பாவில் உருளைக்கிழங்கை அழுக வைக்கும் புழு. பல நாடுகளின் எல்லையில் தடுக்கப்படும் பெயர். அப்படியென்றால் நிலக்கடலை வயலுக்குப் பக்கத்தில் உருளை போட்டவன் என்ன ஆவான்? ஆனால் இந்தப் புழு உருளைக்கிழங்கை அப்படி அழிக்கவில்லை. நடத்தை பெயரோடு பொருந்தவில்லை. பிறகு மரபணுத் துண்டுகளை ஒப்பிட்டபோது வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. அதற்குப் பின் திரும்பவும் நுண்ணோக்கிக்கு வந்து பார்த்தார்கள். பக்கவாட்டில் ஓடும் கோடுகள் டெஸ்ட்ரக்டரில் ஆறு. இதிலோ ஆறில் தொடங்கிப் பதினைந்து வரை. 1995-இல் டிட்டிலெங்கஸ் ஆஃப்ரிகானஸ் என்று புதிய இனமாக விவரித்தார்கள். உருவத்தையும் மூலக்கூறையும் ஒரே கட்டுரையில் சேர்த்து வைத்து விவரித்தார்கள் என்பதுதான் எனக்கு அதில் பிடித்தது.

இதை எழுதும்போதே எனக்கும் ஒன்று புரிகிறது. அந்தக் கூடுதல் கோடுகள் முதல் நாளிலிருந்தே அங்கே இருந்தன. எண்ணச் சொல்லி நம்மைத் திருப்பி அனுப்பியது டி.என்.ஏ. அதை நான் ஒப்புக்கொள்கிறேன், அம்மா.


நாற்றங்கால் ஃபீனிக்ஸ் | ஃபீனிக்ஸ், டர்பன்

நான் நாற்று விற்பவன். இந்த இழையைப் பார்த்ததிலிருந்து எனக்கு உறக்கமில்லை. வெருலம் அண்ணன் என் வாடிக்கையாளர் அல்ல. ஆனால் அவர் மண்ணுக்கு இந்தப் புழு எப்படி வந்தது என்ற கேள்வி எங்கள் தொழிலை நோக்கித்தான் வரும், வரவும் வேண்டும்.

தட்டுகளைத் தரையில் வைத்தால் தட்டின் அடித்துளை வழியாக வேர் மண்ணைத் தொடும். அங்கே புழு இருந்தால் நாற்றோடு வயலுக்குப் போகும். நான் கம்பி வலை மேடையில் இடுப்பளவு உயரத்தில் வைக்கிறேன். தென்னை நார்க்கழிவு தவிர மண் சேர்ப்பதில்லை. இருந்தும் வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன். வண்டியிலிருந்து இறக்கும் முன் தட்டுக்கு நான்கைந்து நாற்றைப் பிடுங்கி, வேரை ஒரு வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் வாங்காதீர்கள். ஆனால் புழு புகுந்து முடிச்சு கண்ணுக்குத் தெரிய இரண்டு, மூன்று வாரம் ஆகும். வேர் சுத்தமாகத் தெரிவதால் மட்டும் நிம்மதி கிடைத்துவிடாது. கொய்யா, மற்றப் பழக் கன்றுகளை மண் பையில் வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒரு கன்றின் பையில் ஒரு தோட்டத்துக்கான புழு வந்துவிடும்.


வெருலம் தோட்டம்

எல்லோருக்கும் நன்றி. கிணற்றடியில் ஒரு கொய்யா மரம் இருக்கிறது. என் அம்மா வைத்தது. நேற்று அதன் அடியில் ஒரு முழம் தோண்டினேன். மெல்லிய வேர்களில் மணி கோத்ததைப் போல முடிச்சுகள். பார்த்ததும் மனம் கனத்துவிட்டது. அந்த மரத்தடி மண்ணைத்தான் எத்தனையோ முறை நாற்றுப் பாத்திக்கு அள்ளிப் போட்டிருக்கிறேன்.

மாதிரியை எப்படி அனுப்புவது என்று விளக்குங்கள். சென்ற முறை வேரை ஃபார்மலினில் போட்டு அனுப்பச் சொன்னார்கள், அப்படியே செய்தேன்.


பொட்ச் ஆய்வாளர்

ஃபார்மலின் வேண்டாம் அண்ணா. புழுவின் உருவம் அதில் அழகாக நிற்கும், ஆனால் டி.என்.ஏ. சிக்கிச் சிதைந்துவிடும், பி.சி.ஆர். செய்ய ஒன்றும் மிஞ்சாது. நம் நாட்டுச் சேகரிப்புகளில் ஃபார்மலினில் பதப்படுத்திய எத்தனையோ கண்ணாடித் தகடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் விலைமதிப்பற்றது. அவற்றிடம் மரபணுக் கேள்வி கேட்க இயலவில்லையே என்பது எனக்குத் தீராத வருத்தம்.

வேரை வெட்டாமல், செடியோடு, சுற்றியுள்ள மண்ணில் இரண்டு கைப்பிடி சேர்த்து, பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். உலரவிடாதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். வெயில் படும் வண்டியில் வைக்காதீர்கள். பக்கியின் (சிறு சரக்கு வண்டி) பின்புறத்தில் ஒரு மணி நேரம் வெந்தால் புழுவெல்லாம் செத்துவிடும். தக்காளி, கத்திரி, கொய்யா மூன்றுக்கும் தனித்தனிப் பை. ஒன்றை எடுத்த மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்ததைத் தோண்ட வேண்டாம்.

இங்கே நாங்கள் சில புழுக்களை உப்புக் கரைசல் ஒன்றில் வைத்துவிடுவோம். டைமெத்தில் சல்ஃபாக்ஸைடு, ஈ.டி.டி.ஏ., கரையும் மட்டும் உப்பு, அவ்வளவுதான். உருவமும் கெடாது, டி.என்.ஏ.யும் கெடாது, அறை வெப்பத்திலேயே மாதக்கணக்கில் இருக்கும். மின்வெட்டு நாட்களில் உறைபெட்டியை நம்பி இருந்த பலருடைய மாதிரிகள் வீணானபோது எங்களுடையவை தப்பியது இதனால்தான்.

மணல்மேட்டார் ஐயா, ஒரு வேண்டுகோள். நான் பொட்செஃப்ஸ்ட்ரூமில் டி.என்.ஏ. பார்க்கிறேன். ரேகையை நீங்கள் எடுத்துத் தருவீர்களா? பெண் புழுவை அமிலத்தில் வைக்காமல், முதலில் 0.9 சதவீத உப்பு நீரில் நறுக்கினால் போதும். பின்பகுதி உங்களுக்கு, மீதி உடல் குழாயில் எனக்கு. இரண்டுக்கும் ஒரே எண். அப்போது ரேகையும் மரபணுவும் ஒரே புழுவினுடையவை என்பதில் எவருக்கும் ஐயம் இருக்காது.


மணல்மேட்டார்

கண் முன்போல இல்லை. ஆனால் கை நடுங்கவில்லை. தம்பி வெருலத்திலிருந்து என் வீட்டுக்கு வர அரை மணி நேரம். வியாழன் கொண்டுவாருங்கள். நுண்ணோக்கியைத் துடைத்து வைக்கிறேன். ஒவ்வொரு ரேகையையும் படமும் எடுத்துவிடுவேன். என்னை நம்ப வேண்டாம், படத்தை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.


மணல்மேட்டார் | பதினொரு நாள் கழித்து

மூன்று வேரிலிருந்தும் இருபத்தாறு பெண் புழுக்கள் எடுத்தேன். குழாய்கள் போய்விட்டன. டி.என்.ஏ. முடிவு வருவதற்கு முன், கண் சொல்வதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன். பிறகு மாற்றிச் சொன்னேன் என்று இருக்கக் கூடாது.

தக்காளியில் பன்னிரண்டு. ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் வட்டமாகவோ முட்டை வடிவத்திலோ எழும் வளைவு, மெல்லிய வரிகள், பக்கக் கோடு இல்லை. ஐந்து ஆண்டுக்கு முன் என்றால் இதில் பாதியை இன்காக்னிட்டா என்று கையொப்பமிட்டிருப்பேன். தக்காளி எண் 9 மட்டும் ஜவானிகா. பக்கக் கோடு கத்தியால் கீறியது போல இருக்கிறது.

கத்திரியில் எட்டு. அதில் ஐந்து ஐயத்துக்கு இடமில்லாத ஜவானிகா. மூன்று, தக்காளியில் கண்ட அதே வட்ட வகை.

கொய்யாவில் ஆறு. ஆறும் வட்ட வகை.


பொட்ச் ஆய்வாளர்

ஐயா, இருபத்தாறில் இருபத்து நான்கு குழாய்களில் நல்ல டி.என்.ஏ. கிடைத்தது. உங்கள் கணிப்பை மறைத்து வைத்துவிட்டுத்தான் ஜெல்லைப் படித்தேன்.

நீங்கள் வட்ட வகை என்றவற்றில் டி.என்.ஏ. கிடைத்த அனைத்தும் 700-ஐ ஒட்டிய பட்டை. நான்கை வரிசைப்படுத்தியும் பார்த்துவிட்டேன்: என்டெரோலோபியை. நீங்கள் ஜவானிகா என்ற ஆறில் ஐந்துக்கு 670 பட்டை வந்தது, தக்காளி எண் 9 உட்பட. ஆறாவதில் டி.என்.ஏ. இல்லை, அதற்கு உங்கள் ரேகைதான் சாட்சி. இன்காக்னிட்டா ஒன்றுகூட இல்லை.

அண்ணா, உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். விதை பொய்யல்ல. கத்திரிக்கு மி-1 கிடையாது. அதனால் இரண்டு இனமும் அதில் குடியிருக்கின்றன. தாங்கும் தக்காளி ஜவானிகாவை வெளியே நிறுத்திவிட்டு, தன்னால் நிறுத்த முடியாததை மட்டும் உள்ளே விட்டிருக்கிறது. உங்கள் தக்காளியே ஒரு சல்லடையாக வேலை செய்திருக்கிறது. அந்த ஒரே ஒரு ஜவானிகா எப்படி நுழைந்தது என்பதற்கு ஐயா சொன்ன 30 டிகிரிதான் எனக்குத் தெரிந்த காரணம். ஆகவே வெப்பமும் இருந்தது. ஆனால் வயலைச் சாய்த்தது வெப்பம் அல்ல.


வெருலம் தோட்டம்

மூன்று முறை படித்தேன். அப்படியானால் அடுத்த போகத்தில் என்ன செய்வது? தக்காளியில் எந்த ரகமும் உதவாதா?


பொட்ச் ஆய்வாளர்

மி-1 உள்ள ரகம் எதுவும் இந்த இனத்திடம் உதவாது. கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். தக்காளி, கத்திரி, மிளகாய் மூன்றும் முடிச்சு கண்ட பகுதிக்குக் கொஞ்ச நாள் வேண்டாம். மிளகாயில் மற்ற இனங்களைத் தடுக்கும் மரபணுவையும் இது மீறிவிடும். சணப்பை விதைத்து மடக்கி உழுங்கள். நிலக்கடலை என்டெரோலோபியைக்கு ஏற்ற உணவு அல்ல. ஜவானிகாவும் பெரும்பாலும் அதைத் தொடாது. உங்கள் வயலில் அரெனாரியா இல்லை என்று இருபத்து நான்கு புழுவிலும் பார்த்த பிறகுதான் இதைத் துணிந்து சொல்கிறேன். அரெனாரியாவின் ஒரு வகைக்கு நிலக்கடலை விருந்து. அது இருந்திருந்தால் இதே ஆலோசனை உங்களைக் கெடுத்திருக்கும். களை விடாதீர்கள். புழு களையில் உட்கார்ந்து காத்திருக்கும்.

ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் ஒரு தக்காளிச் செடியை நட்டு ஆறு வாரத்தில் பிடுங்கி அனுப்புங்கள். எண்ணிக்கையைப் பார்ப்போம்.


மணல்மேட்டார்

மடக்கி உழும் இயந்திரம் அந்தப் பகுதியிலிருந்து நல்ல பகுதிக்குப் போகும் முன் சக்கரத்தைக் கழுவச் சொல்லுங்கள். மண்வெட்டியையும், செருப்பையும்தான். வாடகை இயந்திரம் என்றால் அடுத்தவர் வயலையும் நினைக்க வேண்டும்.

இருபத்தாறு ரேகைத் தகடுகளும் என்னிடம் இருக்கின்றன. அவற்றை பிரிட்டோரியாவில் உள்ள தேசிய நூற்புழுச் சேகரிப்புக்குக் கொடுக்கலாமா, அம்மா? மரபணு வரிசைகளை ஜென்பேங்கில் பதியும்போது தகட்டு எண்ணையும் கூடவே எழுதிவிடுங்கள்.


பொட்ச் ஆய்வாளர்

கட்டாயம், ஐயா. சேகரிப்பாளரிடம் நானே பேசுகிறேன். பதிவில் அடையாளம் கண்டவர் என்ற இடத்தில் உங்கள் பெயரும் வரும்.


நாற்றங்கால் ஃபீனிக்ஸ்

நானும் என் கொய்யாக் கன்றுகளில் இருபது பையைப் பிரித்து வேர் பார்த்தேன். இரண்டில் முடிச்சு. அந்தத் தொகுதி முழுவதையும் விற்பனையிலிருந்து நிறுத்திவிட்டேன். இரண்டு கன்றையும் மணல்மேட்டார் ஐயாவிடம் கொண்டுவரலாமா?


மணல்மேட்டார்

கொண்டுவாருங்கள். மண்ணோடு. ஞாயிறு கோயிலுக்குப் போகிறேன். மாலை நான்கு மணிக்குப் பிறகு வீட்டில் இருப்பேன்.


வெருலம் தோட்டம்

சணப்பை விதை சொல்லியாகிவிட்டது. கொய்யா மரத்தை என்ன செய்வது என்று அம்மாவிடம் பேசினேன். வெட்ட வேண்டாம், அதன் மண்ணை மட்டும் இனி எங்கும் அள்ளாதே என்றார்கள். மரத்தைச் சுற்றி ஆறு மீட்டர் விட்டு வேலி போட்டிருக்கிறேன். கிணற்று நீர் அந்த வழியாக ஓடி நாற்றுப் பாத்திக்குப் போகிறது. நாளை வாய்க்காலைத் திருப்புகிறேன்.